முறுக்கேறிய மரம்

சின்ன விமானத்தில் எந்தப் பாகம் அழகு என்று கேட்டால் பலரும் இறக்கையைக் காட்டுவார்கள். என் ஓட்டு புரொப்பெல்லருக்கு. அதுவும் மரத்தில் இழைத்து, வார்னிஷ் பூசி, இன்னும் எஞ்சினில் மாட்டாமல் மேசைமேல் கிடத்தி வைத்திருக்கும் புரொப்பெல்லருக்கு. நடுவில் விரலை வைத்து நுனிவரை மெல்லத் தடவிக்கொண்டே போனால், அங்குலத்துக்கு அங்குலம் சாய்வு மாறுவது கைக்குத் தெரியும். நடுவில் நிமிர்ந்து நிற்கும் மரம், நுனிக்கு வரும்போது கிட்டத்தட்டப் படுத்துவிடும்.

இந்த முறுக்கு அலங்காரத்துக்காக வைத்ததல்ல. புரொப்பெல்லரின் நடுவட்டத்தில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். 68, 52 என்று இருந்தால், 68 அங்குலம் அதன் குறுக்களவு. 52 என்பது பிட்ச்: காற்று கொஞ்சமும் வழுக்கவில்லை என்றால் ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. அந்த ஒரு சுற்றில் நுனி சுமார் 214 அங்குலம் வட்டமடிக்கிறது. மையத்திலிருந்து பத்து அங்குலத்தில் இருக்கும் இடமோ 63 அங்குலம்தான் சுற்றி வருகிறது. ஆனால் இரண்டும் முன்னேற வேண்டியது அதே 52 அங்குலம். எனவே உள்ளே 40 பாகை, பாதி வழியில் 26, நுனியில் 14க்கும் சற்றுக் குறைவு என்று சாய்வு இறங்கிக்கொண்டே வருகிறது. எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல் இல்லாத ஒரு பொருளை, நேராக வளர்ந்த மரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

ரைட் சகோதரர்கள் இதில் மாட்டிக்கொண்டு நிறைய மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கப்பல்காரர்களிடம் தயார்க் கணக்கு இருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில், புரொப்பெல்லரும் ஓர் இறக்கைதான், சுழன்றுகொண்டே முன்னேறும் இறக்கை என்று பிடித்துக்கொண்டார்கள். எட்டரை அடிப் புரொப்பெல்லரைக் கைக்கோடரியும் இழைப்புக் கத்தியும் கொண்டு ஸ்புரூஸ் மரத்தில் செதுக்கினார்கள். 1903இல் அவர்கள் கையில் இருந்தது பன்னிரண்டு குதிரைசக்தி சுமாருக்கான எஞ்சின். அது கொடுத்ததில் முக்கால் பங்கை அந்த மரம் உந்துவிசையாக மாற்றிவிட்டது. இன்றைய சிறு விமானங்களின் நல்ல புரொப்பெல்லர் எண்பது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எஞ்சின் எங்கேயோ போய்விட்டது. புரொப்பெல்லர் முதல் நாளே பெரும்பகுதி தூரத்தைக் கடந்துவிட்டது.

தர்மபுரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூரை ஒட்டி, தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி. அங்கே 1994இல் தொடங்கப்பட்ட தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஏழாயிரம் அடி ஓடுதளம் உண்டு. இத்தாலியின் பார்ட்டனாவியா இரட்டை எஞ்சின் விமானங்களும், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சாவும் அங்கே உற்பத்தியாயின. மாம்பழத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் பேர்போன மாவட்டத்தின் வடக்கு மூலையில் விமானமும் செய்தார்கள் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

ஹன்சாவுக்கு முன்கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஇசட் என்ற விமானம், வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடமாக விற்கப்பட்டது. 1980களில் என்.ஏ.எல். அந்த வகையில் ஒன்றை பெங்களூரில் கட்டிப் பறக்கவிட்டது. கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்த்து விமான உடல் செய்யும் வித்தை அதில் கைவந்தது. அதுவே பிறகு ஹன்சாவுக்குப் போனது. லாங்-ஈஇசட்டில் எஞ்சினும் புரொப்பெல்லரும் பின்பக்கம். ஆள் ஏறாதபோது மூக்குச் சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் பின்பாரத்தில் குடை சாய்ந்துவிடும். பின்னால் சுழலும் புரொப்பெல்லருக்கு ஒரு சாபமும் இருக்கிறது. எஞ்சின் மூடியிலிருந்து ஒரு திருகு கழன்றாலும் அது நேரே பிளேடுக்குத்தான் போகும். எனவே பின்-புரொப்பெல்லர்காரர்கள் ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பவர்களாக மாறிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான்.

ஹன்சாவின் முதல் மாதிரி 1993 நவம்பரில் காண்டினென்டல் எஞ்சினோடு பறந்தது. பிறகு வந்த ஹன்சா-3இல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 914 எஞ்சின். 2000ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சான்றிதழும் கிடைத்தது. எஞ்சினை மாற்றினால் புரொப்பெல்லரும் மாறியாக வேண்டும், வேறு வழியில்லை. ரோட்டாக்ஸ் நிமிடத்துக்கு 5,800 சுற்றில் 115 குதிரைசக்தி கொடுக்கும் சிறிய, வேகமான எஞ்சின். அந்த வேகத்தில் ஐந்தரை அடிப் புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றினால் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும். உந்துவதை விட்டுவிட்டு அலற மட்டும் செய்யும். எனவே நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்து 2.43இல் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். 2,400 சுற்றுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நுனி வினாடிக்கு 200 மீட்டர் சொச்சத்தில் ஒழுங்காக வேலை பார்க்கும்.

ஜெர்மனியில் ரோசன்ஹைம் ஊரின் ஹாஃப்மன் நிறுவனத்தார் செய்த புரொப்பெல்லர் ஹன்சா-3இல் பொருத்தப்பட்டது. விமானி சுற்றின் எண்ணிக்கையைச் சொன்னால் போதும், பிளேடின் கோணத்தை அதுவே திருத்திக்கொள்ளும். வெளியே பார்த்தால் வெள்ளைப் பெயிண்டடித்த பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். உள்ளே மரம்! அடிப்பாகத்துக்கு அழுத்திக் கெட்டிப்படுத்திய கடினமரம், மேலே ஸ்புரூஸ், அதன்மேல் கண்ணாடி இழைப் போர்வை. நவீனம் என்று நினைத்துத் தொட்டால் ஆசாரியின் வேலை அகப்படுகிறது. எனக்கு இதில் அற்ப சந்தோஷம் உண்டு.

மரம் ஏன் இன்னும் விடவில்லை? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடித்துத் தள்ளும். பல்சக்கரம் இல்லாமல் நேராக 2,400 சுற்றில் ஓடினால், வினாடிக்கு எண்பது அடி. அலுமினியம் இந்த அடிகளை நினைவில் வைத்துக்கொள்ளும்; விளிம்பில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் அங்கிருந்து விரிசல் புறப்படும், உடனே அரத்தால் இழைத்துத் தள்ளியாக வேண்டும். மரம் அடிகளை உள்ளே வாங்கி அடக்கிவிடும். எடையும் பாதிக்குப் பாதி குறையும். தப்பித் தவறி நுனி தரையில் பட்டால் உலோகம் வளைந்து அந்த உதையை கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கடத்தும். மரம் தான் சிதறி, உதையின் பெரும்பகுதியைத் தன்னோடு முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும், அதில் சலுகை கிடையாது. மரத்தின் பலவீனம் மழை. மழைத்துளியே உளிபோல் முன்விளிம்பைத் தின்றுவிடும். அதற்குத்தான் விளிம்பில் பித்தளைத் தகடு. உள்ளே சேரும் ஈரம் சுழற்சியில் வெளியேற நுனியில் ஊசித்துளைகள். நிறுத்தும்போதும் பிளேடைக் கிடைமட்டமாக வைத்து நிறுத்துவதே முறை. செங்குத்தாக நிறுத்தினால் ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கி எடைச்சமன் போய்விடும்.

இனி மாற்றும் வேலை. சொந்தமாகக் கட்டிய சிறு விமானங்களில் பெரும்பாலும் ஆறு போல்ட்தான். ஆனால் ஸ்பேனரை எடுக்குமுன் செய்ய வேண்டியது இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பக் கூடாது. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோவுக்கு பேட்டரியே தேவையில்லை. அதை எஞ்சின் உடலோடு இணைத்து அடக்கி வைத்திருக்கும் ஒரு வயர் அறுந்திருந்தால், கையால் பிளேடைத் திருப்பினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிளேடுக்கு எதிரே போவார்கள்.

பழையதைக் கழற்றியதும் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். எஞ்சினின் வட்டத் தட்டோடு ஒட்டியிருந்த மரப்பரப்பு சுத்தமாக, தட்டின் அச்சு லேசாகப் பதிந்து இருந்தால் எல்லாம் நல்லபடி. பழுப்பாகவோ கருகியோ ஒரு வளையம் தெரிந்தால், போல்ட் தளர்ந்து மரம் தட்டின்மேல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். போல்ட் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பலர் நினைப்பது போல அந்த ஆறு போல்ட்டுகள் புரொப்பெல்லரைச் சுழற்றுவதில்லை. அவை அழுத்திப் பிடிக்கின்றன. சுழற்றுவது தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள உராய்வு. அந்தப் பிடி போய்விட்டால் எத்தனை தடித்த போல்ட்டும் பயன்படாது. இதனால்தான் புதியதைப் பொருத்தும்போது தட்டில் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது.

இறுக்கும்போது வரிசையாக ஒன்று, இரண்டு என்று போகக் கூடாது. ஒரு போல்ட், பிறகு அதற்கு நேர் எதிரே இருப்பது, அப்படிக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் ஏற்ற வேண்டும். முன்பக்கம் ஓர் உலோகத் தகடு அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். அளவுக்கு மீறினால் மரத்தின் நார் நசுங்கும். நசுங்கிய நார் மறுபடி எழாது. குறைந்தால் வழுக்கும். பலசாலியான மெக்கானிக் இந்த வேலைக்கு ஆபத்தானவர்.

பிறகு வரும் சோதனைக்கு இத்தனை விலையுள்ள இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மர ஸ்டூல் போதும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நுனியை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, பிளேடு நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கையால் அரைச்சுற்றுத் திருப்பினால் மறு பிளேடும் அதே கோட்டுக்கு வர வேண்டும். மரத்துக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர் வரை விலகல் இருக்கலாம் என்கிறது அமெரிக்க விமான நிர்வாகத்தின் கையேடு. சிறிய உலோகப் புரொப்பெல்லருக்கு அதில் பாதிதான். கூடுதலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்கினோமா என்பதை. எல்லாம் சரி என்றான பிறகு போல்ட் தலைகளின் துளை வழியே லாக் வயர். வயரை முறுக்கிக் கட்டும் திசை போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். முறுக்கு சீராக, நுனி உள்ளே மடங்கியிருப்பதைப் பார்த்தாலே யார் வேலை என்று ஹேங்கரில் சொல்லிவிடுவார்கள்.

இதோடு முடிந்தது என்றால் அது உலோகம். மரம் முடிய விடாது. முதல் பறத்தல் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். சில பத்து மணி நேரத்தில் இன்னொரு தடவை. பிறகு பருவம் மாறும்போதெல்லாம். ஐப்பசி, கார்த்திகையில் ஓசூர்க் காற்றில் ஈரம் ஏறும்போது மரம் பருக்கிறது, அதே போல்ட் அதை நசுக்கத் தொடங்குகிறது. மாசி, பங்குனி வறட்சியில் மரம் சுருங்குகிறது, பிடி தளர்கிறது. மிருதங்கக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதில் யாரும் குறை காண்பதில்லை; மரப் புரொப்பெல்லர் வைத்திருப்பவரும் அந்தச் சாதிதான். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் உலோகத்துக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் தங்கள் விமானத்தின் முகத்தை வருடத்துக்கு ஒரு முறைதான் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள்.

கடைசித் தீர்ப்பு ஓடுதளத்தில். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு திராட்டில் கொடுத்தால் எஞ்சின் எத்தனை சுற்றுக்கு ஏறுகிறது? எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றால் பிட்ச் அதிகம். பிளேடு காற்றை அளவுக்கு மேல் வாரிக்கொள்கிறது, எஞ்சின் திணறுகிறது. கூடுதல் என்றால் பிட்ச் போதாது. ஏறுவதற்கு நன்றாக இருக்கும், தூரம் போகும்போது எஞ்சின் வீணாகக் கத்தும். ஓர் அங்குலப் பிட்ச் வித்தியாசம் ஏறக்குறைய 25 சுற்றைக் கூட்டிக் குறைக்கும் என்பது கைக்கணக்கு. கோணம் மாறாத மரப் புரொப்பெல்லர் வாங்குகிறவர் ஏற்றமா, ஓட்டமா என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்து மேட்டுநிலத்தில் இந்தக் கணக்கு இன்னொரு சுற்றுச் சிக்கலாகும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய மூவாயிரம் அடி. சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் வீதம் பலம் இழக்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஓடுதளத்திலேயே போய்விடும், பங்குனி வெயிலில் இன்னும் கொஞ்சம். ரோட்டாக்ஸ் 914இல் இருக்கும் டர்போ இந்த இழப்பைச் சரிக்கட்டுகிறது. 2021 செப்டம்பரில் முதலில் பறந்த புதிய ஹன்சா-என்ஜி விமானத்தில் இருப்பதோ டர்போ இல்லாத ரோட்டாக்ஸ் 912. மேட்டில் அதற்குக் கிடைத்தது மெல்லிய காற்று மட்டும். அதனால் 2022 பிப்ரவரியில் அதை பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கவிட்டார்கள். சுமார் 140 கடல்மைல், ஒன்றரை மணி நேரம். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் பழைய தர்மபுரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தைத் தொட்டுத்தான் போகும். புதுச்சேரியில் கடற்கரைக் காற்றின் கனத்தில் எஞ்சின் எப்படி இழுக்கிறது, விமானம் எப்படி ஏறுகிறது, எப்படிக் கையாள வருகிறது என்று மார்ச் முதல் வாரம்வரை சோதித்துவிட்டு, மறுபடி மேட்டுக்கே திரும்பினார்கள்.