பூவுக்குக் காத்திராமல் புதரை அறிய

சேரம்பாடியில் தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டிற்கும் இடையே பலவகைக் குறுஞ்செடிகள் வளர்கின்றன. பூ இல்லாத நாளில் இவற்றை இலையைக் கொண்டே பிரித்தறிய இயலுமா? இதற்கு இரு நூல்கள் எந்த அளவு துணைசெய்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி எழுதியது. 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கோட்டுப் படங்கள் இன்றும் பயன் தருவன. ஆனால், 6,500 அடிக்கு மேற்பட்ட பகுதியே அதன் எல்லை. சேரம்பாடி அதைவிட மிகத் தாழ்ந்த இடம். மேலும், அது பூவின் உறுப்புகளையே பெரிதும் சார்ந்து நிற்கிறது. மூணாறு பகுதியில் 2006இல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி பெருமளவில் பூத்தது 2018இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர் என்ன செய்வார்?

இரண்டாவது நூல் இக்குறையை உணர்ந்து எழுந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பாஸ்கலும் ரமேஷும் 1987இல் வெளியிட்ட, மேற்குத் தொடர்ச்சி மலைப் பசுமைமாறாக் காடுகளுக்கான கள வழிகாட்டி அது. இலை, பால், இலையடிச் செதில் போன்றவற்றைக் கொண்டே அது வழிகாட்டுகிறது. அதன் சிறப்பு, எதைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில் உள்ளது.

இலையின் நீளத்தை அளப்பது எளிது. ஆனால் ஒரே செடியில் வெயிலில் உள்ள இலை சிறுத்துத் தடிக்கும்; நிழலில் உள்ளது அகன்று மெலியும். ஒரு சிற்றினத்திற்குள் காணும் வேறுபாடு, இரு சிற்றினங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிட மிகுமானால், அந்த அளவீட்டால் பயனில்லை. இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதுவே விதி.

இலை அமைந்த முறையோ எளிதில் மாறுவதில்லை. காப்பிச் செடியைப் பாருங்கள்: எதிரெதிர் இலைகள், இரு காம்புகளுக்கும் இடையே தண்டில் சிறு முக்கோணச் செதில். அதே குடும்பத்தைச் சேர்ந்த வெட்சியிலும் இச்செதில் உண்டு. குறிஞ்சிக்கும் எதிர் இலைகளே. ஆனால் செதில் இல்லை. காய்ந்த குறிஞ்சி இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால், சிஸ்டோலித் எனப்படும் சுண்ணாம்புத் திரள்கள் மெல்லிய கீறல்கள்போல் தெரியும்.

எனினும் இவ்வழிகாட்டியில் ஒரு பெருங்குறை உண்டு. மரங்களும் பெருங்கொடிகளும் மட்டுமே அதன் பொருள். புதர்ச்செடிகள் தனியே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அது ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழி மாணவர்க்கு எட்டுவதும் அரிது.

இது ஏட்டுக் குறை மட்டுமன்று. அயல்நாட்டு உண்ணிச்செடியைக் களையும்போது, அதனருகே நிற்கும் நம் நாட்டுச் செடியும் அறியாமல் வெட்டப்படலாம். உண்ணிச்செடிக்கும் எதிர் இலைகளே, செதிலும் இல்லை. ஆனால் நாற்கோணத் தண்டு, அதில் முட்கள், சொரசொரப்பான இலை, கசக்கினால் வரும் கடுநெடி ஆகியவை சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, பந்தலூர் வட்டாரப் புதர்களுக்குத் தமிழில் ஓர் இலைக் கையேடு தேவை. இலை பெரும்பாலும் நம்மைக் குடும்பம் வரையிலும், சில வேளைகளில் பேரினம் வரையிலும் கொண்டுசேர்க்கும். நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கப் பூவும் வேண்டியிருக்கலாம். எங்கே இலையின் சாட்சி முடிகிறது என்பதையும் அக்கையேடு நேர்மையாகச் சொல்ல வேண்டும்.