செங்கல்லின் ஞாபகமும் கொட்டகையின் மறதியும்

சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் விக்டோரியா பப்ளிக் ஹால் முன்னால் கொஞ்சம் நிற்பது என் வழக்கம். ரொம்ப நாள் அது மெட்ரோ வேலைக்காரர்களின் தடுப்புகளுக்குப் பின்னால் கிடந்தது. 2023-இல் மாநகராட்சி தொடங்கிய புனரமைப்புக்குப் பிறகு செங்கல் மறுபடி சிவந்து, கோபுரத்தின் திருவிதாங்கூர் பாணிக் கூரை துலங்கி நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்தை மீட்கும்போது கூடவே ஒரு வரலாறும் மீட்கப்படுகிறது. 'நவீனத் தமிழ் நாடகம் பிறந்த இடம்' என்ற சொல்லாடல் அது. எனக்கு உறுத்துவது இந்தப் 'பிறந்த' என்கிற சொல். அதற்கு முன்னால் இங்கே என்ன நடந்துகொண்டிருந்ததாம்?

கட்டடத்தின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1883-இல் விஜயநகரம் ராஜா அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஸ்ஹோம் வரைந்தார். நம்பெருமாள் செட்டி கட்டி முடித்தார். பணம் மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் கனவான்களும் போட்டது. பெயர், ஆட்சியின் பொன்விழா கண்ட ராணியுடையது. நகரசபை நிலத்தை 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள், கிரவுண்டுக்கு எட்டணா வாடகை. பெயரில் 'பப்ளிக்' இருக்கிறது. யார் அந்தப் பப்ளிக் என்பதைக் கல்லிலோ பத்திரத்திலோ தேட வேண்டாம். மேடையில் யார் ஏறினார்கள் என்று பார்த்தால் போதும்.

ஏறியவர்கள் சுகுண விலாச சபையார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கியது. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், பட்டதாரிகள். பின்னாளில் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர்தான். ஹாம்லெட் அங்கே 'அமலாதித்யன்' ஆனான், மாக்பெத் 'மகபதி' ஆனான். விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். முக்கியமாக, காசு வாங்கவில்லை. இந்த 'காசு வாங்காமை'தான் என் கணக்கில் அந்த மேடையின் அஸ்திவாரம். காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி, காசு வாங்காமல் ஆடுகிற வக்கீல் கலைஞன். சோத்துக்கு வேறு வழி இருக்கிறவனுக்குத்தான் இந்தக் கௌரவம் கட்டுப்படியாகும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. சபையில் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள். ரங்கவடிவேலு கட்டிய நாயகி வேடங்களை நகரமே கொண்டாடியது, அவர் வக்கீல். அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடமும் பெண்களே. வக்கீல் சேலை கட்டினால் நடிப்பு, தேவதாசி மரபில் வந்தவள் கிரீடம் வைத்தால் ஒழுக்கக்கேடு! உடலை மாற்றி நிறுத்திப் பார்க்கிற ஒரே காரியம்தான். சாதியும் பாலும் அதற்கு இரண்டு பெயர் வைத்துவிட்டன. இப்படிச் சொல்வதால் பம்மலை நான் தூக்கி எறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' எனக்குப் பிடித்த புத்தகங்களில் ஒன்று. சொதப்பல்களை அந்த மனுஷன் மாதிரி மறைக்காமல் எழுதியவர்கள் தமிழில் குறைவு. என் சண்டை அவரைத் 'தந்தை'யாக்கிய வரலாறெழுதியலோடுதான். தந்தை ஒருவர் என்று முடிவு செய்துவிட்டால் மற்றவர்கள் எல்லாம் பங்காளி கூட இல்லை என்றாகிவிடுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்தவர். பம்மலுக்கு ஆறு வயது மூத்தவர். அவர் வளர்த்த மரபு ஊர் ஊராகப் போனது, டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பாலர் சபையிலிருந்து வந்தவர்கள். சென்னையிலும் அந்த மரபுக்கு இடம் இருந்தது. ஹாலிலிருந்து நடக்கிற தூரத்தில், வால்டாக்ஸ் ரோட்டில், ஒற்றைவாடைக் கொட்டகை. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய இடம். கூலிக்காரனும் குதிரை வண்டிக்காரனும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த 'பப்ளிக்' அதுதான். அதைப் புனரமைக்க யாரும் திட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கொட்டகைக்கு சிஸ்ஹோம் கிடையாது, கோபுரம் கிடையாது. பாரம்பரியக் கட்டடம் என்ற சட்டகம் செங்கல்லையும் சுண்ணாம்பையும் அடையாளம் காணும். தகரத்தையும் கீற்றையும் பாட்டையும் காணாது. 1985-இல் பக்கத்து மூர் மார்க்கெட் எரிந்தபோதும் அப்படித்தான். கட்டடம் போனதற்கு அழுத அளவுக்கு, பழைய புத்தகம் விற்றுப் பிழைத்தவர்களுக்காக யார் அழுதார்கள்?

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' பார்த்து வளர்ந்தவன் நான். சங்கரதாசர் போட்டுக்கொடுத்த பாதையில் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இன்றைக்கும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிறார்கள். சென்ற பங்குனியில் வள்ளி வேஷம் கட்ட வந்திருந்த அக்காவிடம், நாடகம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இந்த ஹாலைப் பற்றிச் சொன்னேன். முகத்தில் அரிதாரம் பாதி கலைந்திருந்தது. கேட்டுவிட்டு, "சினிமாக்காரங்க கட்டுனதா தம்பி?" என்றார். இல்லை, ராஜாக்கள் கட்டியது, வக்கீல்கள் ஆடியது என்றேன். "வக்கீலுங்க எதுக்கு ஆடுனாங்க?" என்றார் நிஜமான சந்தேகத்தோடு. நாலு பக்கம் எழுதியும் அந்தக் கேள்விக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "அங்க ராத்திரி முழுக்க ஆட விடுவாங்களா? ஆர்மோனியக்காரருக்கும் சேத்து வாடகை கட்டுப்படியாகுமா?" கனவான்களுக்குக் கிரவுண்டு எட்டணாவுக்குக் கொடுத்த நகரசபை வள்ளிக்கு என்ன விலை சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் வந்துவிட்டது.