கைமாறிய புத்தகங்கள்

1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் இனிகோ என்ற பாஸ்க் வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. லொயோலாவில் இருந்த குடும்ப மாளிகையில் மாதக்கணக்கில் படுக்கை. பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும்தான். வேறு வழியில்லாமல் அவற்றைப் புரட்டினார். நடுநடுவே புத்தகத்தை மூடிவிட்டு, மனத்துக்குப் பிடித்த ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்துகொண்டு கிடந்தார். ஒருநாள் ஒரு வித்தியாசம் உறைத்தது. சாகசக் கனவு கலைந்தபின் மனம் வறண்டது. புனிதர்களைப்போல வாழ்வதாக நினைத்த பின்னரோ நிறைவு தங்கியது. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் வாழ்க்கை திரும்பிய இடம் அது.

‘ஒரு புத்தகம் என் வாழ்க்கையையே மாற்றியது’ என்று பலரும் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் பள்ளி ஆண்டுவிழாக்களில் ‘அக்னிச் சிறகுகள்’ பரிசாகிறது. புத்தகக் காட்சிகளில் தன்னம்பிக்கை நூல்களுக்குத் தனி அடுக்கு ஒதுக்கப்படுகிறது. நல்ல புத்தகத்தைக் கையில் திணித்தால் படிக்காத பிள்ளையும் மாறிவிடும் என்பது கணக்கு. மாறியவர்களின் வாக்குமூலங்களும், வாசிப்பு பற்றிய ஆய்வுகளும் இந்தக் கணக்கை ஆதரிக்கின்றனவா?

வாக்குமூலங்கள்

காந்தியிலிருந்து தொடங்கலாம். படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்துக்கு வெளியே தாம் அதிகம் படித்ததில்லை, பொதுவாழ்வில் இறங்கியபின் நேரமும் இல்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறவர் அவர். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டபோது, வழியனுப்ப ரயிலடிக்கு வந்த நண்பர் ஹென்றி போலக், ஜான் ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலைக் கொடுத்தார். 24 மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அதே ஆண்டில் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பு உருவானது.

இந்த வேகத்தை வியப்பவர்கள் அடுத்து அவர் சொல்வதைக் கவனிப்பதில்லை. நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை மூன்று கருத்துகள்: எல்லோருடைய நலத்திலும் அடங்கியதே ஒருவர் நலம், வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உடலுழைப்பு வாழ்க்கையே வாழத்தக்கது. முதலாவது தமக்கு ஏற்கெனவே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும், மூன்றாவதுதான் புதிது என்கிறார். உள்ளே ஊறிக்கிடந்ததற்கு ரஸ்கின் உருக்கொடுத்தார் என்பதே பொருத்தம்.

படிக்க நேரமில்லை என்பது காந்தியின் தயக்கம். தயக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. ‘படித்தது போதும்’ என்ற நிறைவு அது. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்றார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்கினார். எதிரே இருந்தவர் முகத்தில் சலனமே இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார் அவர். 25 வயதுப் புலவருக்குச் சுருக்கென்றது. பிறகு முதலியாரே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். சைன மரபு தெரியாமல் பொருள் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சைனர்களைத் தேடிப்போய்க் கேட்டார் ஐயர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒரு மனிதரின் போக்கு திரும்பியதில் ஒரு மொழியின் பழைய இலக்கியமே வெளிச்சத்துக்கு வந்தது. தொடங்கி வைத்தது ஊக்கமூட்டும் நூலன்று, புரியாத நூல்.

அம்பேத்கருக்கு அவருடைய பள்ளிப் பருவத்தில் மராத்தி எழுத்தாளர் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைக் கொடுத்தார். அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14, நாகபுரியில். காந்திக்குப் புத்தகம் ஓர் இரவில் வேலைசெய்தது, இங்கே அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

சோதனைகள்

வாக்குமூலங்கள் பெரிய மனிதர்களுடையவை, பின்னோக்கிச் சொல்லப்பட்டவை. இன்னின்னாருக்கு இப்படி நடக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் வேறு வழிகளில் போனார்கள். அர்த்தம் தாளில் உறைந்து கிடப்பதில்லை, வாசகரும் பிரதியும் சந்திக்கும்போதுதான் பிறக்கிறது என்ற பார்வையை லூயிஸ் ரோஸன்பிளாட் 1938இலேயே முன்வைத்தார்.

2009இல் மாஜா ஜிகிக், கீத் ஓட்லி குழுவினர் 166 பேரில் ஒரு பகுதியினருக்குச் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே நிகழ்ச்சிகள் கோர்ட்டு ஆவண நடையில் கொடுக்கப்பட்டன. கதை படித்தவர்களின் ஆளுமை அளவீடுகளில் கூடுதலான மாற்றம் தெரிந்தது. ஆனால் சிறிய மாற்றம்தான், அதுவும் ஆளுக்கு ஒரு திசையில். இலக்கியப் புனைவு பிறர் மனத்தை அறியும் திறனைக் கூட்டுகிறது என்று 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் கிட், கஸ்தானோ என்ற ஆய்வாளர்கள் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. 2016இல் வேறு குழுக்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. ஒரு கதை, ஒரே வேளை என்ற அளவில் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் கேள்விக்கு நெருக்கமானது ஸ்டீபன் கிராஷனும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட சிறு ஆய்வு. உன்னை வாசிக்க இழுத்த ஒரு புத்தகம் உண்டா என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் உண்டு என்றார்கள். அதாவது முதல் பந்திலேயே சிக்சர் போவது அபூர்வமில்லை. ஆனால் அவர்கள் சொன்ன புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. எல்லோருக்குமான ஒரு புத்தகம் அதில் தேறவில்லை.

ஏற்பாடுகள்

மூன்றாவது சான்று களத்திலிருந்து வருகிறது. 1991இல் மாசசூசெட்ஸில் நீதிபதி ராபர்ட் கேனும் பேராசிரியர் ராபர்ட் வாக்ஸ்லரும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். குற்றவாளிகளில் சிலர் நன்னடத்தைக் கண்காணிப்பின் பகுதியாக இலக்கிய வகுப்புக்கு வரவேண்டும். ஜாக் லண்டனின் ‘கடல் ஓநாய்’, ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ ஆகியவை அங்கே படிக்கப்பட்டன. முரட்டுக் கப்பல் தலைவனும், மீனைப் பறிகொடுத்த கிழவனும் தன்னம்பிக்கை அடுக்கில் வைக்கத்தக்கவர்கள் அல்லர். அங்கே வேலைசெய்தது மேசைதான். தண்டிக்கப்பட்டவரும் நீதிபதியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கதையைப் பேசினார்கள்.

பிரேசில் 2012இல் வேறு வழியைப் பிடித்தது. கைதி ஒரு புத்தகம் படித்து எழுதித் தந்தால் 4 நாள் தண்டனைக் குறைப்பு. ஆண்டுக்கு 12 புத்தகம், 48 நாள். கூலிக்குப் படிப்பதா என்று முகம் சுளிக்கலாம். இனிகோவும் விரும்பிப் படிக்கவில்லை. இதற்கு நேர் எதிரே நிற்கிறார் பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டானியேல் பெனாக். 1992இல் அவர் வகுத்த வாசகரின் பத்து உரிமைகளில் முதலாவது, படிக்காமலிருக்கும் உரிமை. கட்டாயமும் வேலைசெய்கிறது, விடுதலையும் வேலைசெய்கிறது என்றால், மாற்றத்துக்கான காரணத்தை வேறெங்கோதான் தேடவேண்டும்.

மூன்று சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஆளை அறிந்து கொடுக்கும் கை, வேறு போக்கிடமில்லாத பொழுது. படுக்கை, ரயில், சிறை. போலக், முதலியார், கேலுஸ்கர். நூலின் பெயரை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்கும் ஆளைத்தான் அவர் நூலகர் என்றார். நம் பரிசளிப்பு மேடைகளில் இல்லாதவர் அந்த ஆள். முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே நூலின் முந்நூறு பிரதிகள் மொத்தமாக வந்து இறங்குகின்றன.

பின்னர் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்று நூலான ரஸ்கினின் கட்டுரைகள் 1860இல் ‘கார்ன்ஹில்’ இதழில் வந்தபோது எழுந்த எதிர்ப்பில், நான்கோடு தொடரை நிறுத்திவிட்டார் ஆசிரியர் தாக்கரே. ஊக்கமூட்டும் நூல்களின் பட்டியல் எதிலும் அன்று அது இடம்பெற்றிருக்காது. அதை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வந்த போலக்குக்குத் தெரிந்ததெல்லாம், புறப்படுகிறவர் யார் என்பதுதான்.