வாடகை வண்டியும் ஓட்டுநரின் தூக்கமும்

தனி ஜெட்டை வாடகைக்கு எடுத்து நீலகிரிக்கு வருகிறவரும் பெரும்பாலும் கோயம்புத்தூரில்தான் இறங்குகிறார். மலையில் விமான நிலையம் கிடையாது. அங்கிருந்து மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, காட்டேரி, குன்னூர் என்று ஊட்டி வரை ஏறும் ஏறத்தாழ 90 கிலோமீட்டரை ஒரு கார் ஓட்டுநர் பார்த்துக்கொள்கிறார். விமானியும் அவரும் செய்வது ஒரே மாதிரியான வேலை. இருவருக்கும் கால அட்டவணை கிடையாது. பார்ட்டி கிளம்பும்போது கிளம்ப வேண்டும், பார்ட்டி தங்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும், போன் எந்நேரமும் அடிக்கலாம். ஆனால் விமானி தொடர்ந்து எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம், அடுத்த பயணத்துக்கு முன் எவ்வளவு ஓய்வு எடுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதி வகுத்திருக்கிறது. வாடகை விமான நிறுவனங்களுக்கும் அந்த வரம்பு உண்டு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் கார் ஓட்டுநர் நேற்றிரவு எங்கே, எவ்வளவு நேரம் தூங்கினார் என்று கேட்க ஆளில்லை.

விமானத் துறை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு விதி எவ்வளவு செலவு பிடிக்கும் விஷயம் என்பதை 2025 டிசம்பர் காட்டியது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்து டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்ட விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தேவையான அளவு விமானிகள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. கடைசியில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால், இரண்டு மூன்று விமானங்களை வைத்து நடத்தும் வாடகை நிறுவனத்தில் களைப்பாக இருக்கிறது, பறக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல ஒரு விமானிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இருந்தாலும் சொல்வதற்கு அவர் கையில் ஒரு விதி இருக்கிறது. விபத்து நடந்தால் அந்தக் கோணத்திலும் விசாரிக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை நீலகிரி அருகிலிருந்து பார்த்திருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். கருப்புப் பெட்டியையும் குரல் பதிவையும் ஆராய்ந்த முப்படை விசாரணைக் குழு, இயந்திரக் கோளாறு, சதி, கவனக்குறைவு மூன்றும் இல்லை, வானிலை திடீரென மாறியதில் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்றது. 2023 செப்டம்பர் 30 அன்று, அதே மலைச்சரிவில் மரப்பாலம் அருகே, தென்காசி மாவட்டம் கடையம் பகுதியிலிருந்து வாடகைப் பேருந்தில் சுற்றுலா வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் எதையும் சொல்ல வரவில்லை. சாலை விபத்துகளில் வழக்கமாக நடப்பதைத்தான் சொல்கிறேன். ஓட்டுநர் மீது வழக்குப் பதிவாகிறது, பிரேக்கைப் பார்க்கிறார்கள், உரிமத்தைப் பார்க்கிறார்கள், குடித்திருந்தாரா என்று சோதிக்கிறார்கள். முந்தைய மூன்று நாளில் அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பது அந்தக் கோப்பில் தனிக் கேள்வியாக வருவது அரிது.

வேலைக்கு ஆள் எடுக்கும் விதத்திலிருந்து தொடங்கலாம். கோவையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ டிராவல்ஸ் நடத்துகிறவருக்கு மே மாதத்தில் ஒரே நாளில் பத்து ட்ரிப் வரும். சொந்த ஓட்டுநர்கள் நான்கு பேர்தான் இருப்பார்கள். மீதிக்கு ஆக்டிங் டிரைவர்களைப் போனில் கூப்பிடுவார். உரிமத்தின் படம் வாட்ஸ்அப்பில் வரும், தெரிந்தவர் ஒருவர் ‘நல்லா ஓட்டுவாப்ல’ என்பார், அவ்வளவுதான் நேர்காணல். மலையில் ஓட்டியிருக்கிறாரா என்று கேட்பவரும் உண்டு, கேட்காதவரும் உண்டு. சட்டத்தைப் பொறுத்தவரை அது தடையில்லை. 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வாடகை வண்டியை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. அதனால்தான் விபத்து கூடுகிறது என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பு பல லட்சம் ஏழைகளுக்குத் தொழில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சமவெளிச் சாலைக்கும் மலைச்சாலைக்கும் ஒரே உரிமம் போதும் என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. உத்தராகண்டில் மலையில் வாடகை வண்டி ஓட்டத் தனி ஒப்புதல் கேட்கிறார்கள். காரணம் எளிது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது நீலகிரிக்காரர்களுக்குச் சிறு வயதிலேயே தெரியும். நான்குவழிச் சாலையில் பத்து வருடம் ஓட்டியவர் அதை அறியாமலே இருக்கலாம். இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் லைனிங் சூடேறும், கீழ் வளைவுகளுக்கு வரும்போது பிரேக் பிடிக்காது. தூக்கமில்லாதவருக்குக் கியரை மாற்றும் யோசனை ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். மலையில் அந்த ஒரு நொடிக்கு மன்னிப்பில்லை.

ஆனாலும் இந்தத் தொழில்முறையின் நன்மைகளை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். தோட்டத்தை நம்பி இருக்க முடியாத வீடுகளில், பையன் கடன் வாங்கி ஒரு கார் எடுப்பது குடும்பத்தின் இரண்டாவது வருமானமாகிறது. படிப்புச் சான்றிதழோ பெரிய மூலதனமோ சிபாரிசுக் கடிதமோ வேண்டாம். சீசனில் ஓட்டி, மழைக்காலத்தில் தோட்டத்தைப் பார்க்கலாம். எந்த ஊருக்குப் போவது, எந்தப் பார்ட்டியை மறுப்பது என்பதில் ஓனர் கம் டிரைவருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. ஊட்டி, குன்னூர் ஸ்டாண்டுகளில் சங்கம் வைத்து, முறை வைத்து வண்டி எடுக்கும் ஒழுங்கை இவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். அடிபட்டால், இறந்தால் உதவ அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியமும் இருக்கிறது. மலையை அறிந்த உள்ளூர் ஓட்டுநரின் திறமை சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. மூடுபனியில் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் யானை வரும், ஏறி வரும் வண்டிக்கு எங்கே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதெல்லாம் எந்தத் தேர்விலும் கேட்கப்படாத படிப்பு.

கெடுதல் கூலி அமைப்பில் இருக்கிறது. வெளியூர் ட்ரிப் என்றால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வாடகை போடுவார்கள். கூடவே ஹில்ஸ் சார்ஜ், ஓட்டுநருக்குப் பேட்டா. கொடுத்த காசுக்குக் கிலோமீட்டரைத் தீர்த்துவிட வேண்டும் என்று பார்ட்டி நினைப்பது இயல்பு. காலையில் தொட்டபெட்டா, மதியம் பைக்காரா, சாயங்காலம் குன்னூர் சிம்ஸ் பூங்கா என்று நாள் நீளும். காத்திருக்கும் நேரம் வேலையாகக் கணக்கில் வருவதில்லை. ‘சும்மாதானே உட்கார்ந்திருந்தே’ என்பார்கள். போத்தனூரிலோ பொள்ளாச்சியிலோ விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பியவர் இரவு பத்து மணிக்குப் பார்ட்டியை லாட்ஜில் இறக்கிவிட்டால், ஓட்டியது எட்டு மணி நேரமே ஆகலாம். விழித்திருந்தது பத்தொன்பது மணி நேரம். பேட்டா தினக்கணக்கு என்பதால் அந்தப் பத்தொன்பதுக்கும் எட்டுக்கும் கூலியில் வித்தியாசமே இல்லை. தைலக்கடையிலும் சாக்லேட் கடையிலும் கிடைக்கும் கமிஷனைப் பற்றிப் பலர் கோபமாகப் பேசுகிறார்கள். கூலி நியாயமாக இருந்தால் அந்தக் கமிஷனைத் தேடி அவர் ஏன் அலையப் போகிறார்?

அதைவிடப் பெரிய குறை இரவில் தெரியும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படியும். அந்தக் குளிரில் கார் சீட்டைச் சாய்த்து, ஒரு போர்வையில் படுத்திருக்கும் ஓட்டுநர்களை ஊட்டியின் லாட்ஜ் வாசல்களில் யாரும் பார்க்கலாம். குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டால் கார்பன் மோனாக்ஸைடு அபாயம். கழிப்பறைக்குப் பேருந்து நிலையத்துக்கு நடக்க வேண்டும். மாடியில் பார்ட்டி நிம்மதியாகத் தூங்குகிறது. மறுநாள் காலை அந்தக் குடும்பத்தின் உயிரைக் கையில் வாங்கிக் கல்லாறு வரை இறங்கப் போகிறவர் கீழே நடுங்கிக்கொண்டிருக்கிறார். இதை இரக்கத்தின் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்கள் விஷயத்தைச் சிறிதாக்குகிறார்கள். இது மாடியில் தூங்குகிறவர்களின் பாதுகாப்பும்கூட.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி இடைவேளை, ஒரு நாள் பணிக்கும் அடுத்த நாள் பணிக்கும் நடுவே தொடர்ந்து 9 மணி ஓய்வு, காத்திருப்பையும் சேர்த்து மொத்தப் பணிக்காலம் 12 மணிக்குள் என்றும் எழுதியிருந்தது. இரவு தங்க வேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டும், மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பான உடுப்புத் தர வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. ஊட்டியை மனத்தில் வைத்தே எழுதியது போன்ற சட்டம்! ஆனால் அது ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கானது. ஒரு கார், இரண்டு கார் வைத்திருப்பவர்கள் வெளியே நின்றார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு வாடகை வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதே வேலை நேரத்தைச் சொல்கிறது. அதைச் சரிபார்க்கும் பழக்கம்தான் இல்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் அவற்றுக்குள் கரைந்தது. ஓனர் கம் டிரைவரின் நிலை இன்னும் சிக்கல். தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கும்போது அவரை வேலை வாங்குகிறவரும் அவர்தான், வேலை செய்கிறவரும் அவர்தான். அவருக்கு எதிராக அவரையே எந்தச் சட்டம் காக்கும்?

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன முயற்சி மலையடிவாரத்திலிருந்தே வந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். விபத்தில் சிதைந்த கால்களைத் தினமும் பார்த்த மருத்துவர் அவர். அந்த வழக்கில்தான் 2025-இல், ஓட்டுநரின் 8 மணி நேர விதியை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று மாநிலங்களோடு பேசி வழிகாணும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐரோப்பாவில் பேருந்து, லாரி ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். வண்டியில் இருக்கும் கருவி அதைப் பதிகிறது. இங்கே வாடகை வண்டிகளுக்கு மத்திய அரசு வகுத்த இருப்பிடக் கருவி விதி, வண்டி எங்கே போகிறது என்பதைப் பார்க்கிறது. ஓட்டுகிறவர் எவ்வளவு நேரமாக ஓட்டுகிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையறையும் கழிப்பறையும் வேண்டும் என்றது. மனமாரப் பாராட்டத்தக்க திருத்தம். ஆனால் கட்டட விதி என்பது வரைபட அனுமதி கேட்கும்போதுதான் இறுக்கமாகப் பிடிக்கும். நீலகிரியிலோ புதுக் கட்டடத்துக்கு ஏற்கெனவே கடும் கட்டுப்பாடு. ஊட்டியின் நெருக்கடி பழைய லாட்ஜ்களிலும், வீடுகளை அறையறையாகப் பிரித்து விடும் காட்டேஜ்களிலும் இருக்கிறது. அங்கே இந்த விதி எட்ட வேறு கை வேண்டும்.

அந்தக் கை இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லட்டி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியில் இறங்குவதைத் தடுத்துச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். மலை அறியாதவர் இங்கே ஓட்டக் கூடாது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்ட சாலை அது. அதேபோல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 சீசனுக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வந்தது. யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே பதிவாகும் ஓர் ஏற்பாடு கையில் இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு அதில் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்கலாம்: ஓட்டுநர் இரவு எங்கே தங்குகிறார், முதல் நாள் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பினார். விடுதி தன் ஓட்டுநர் அறையின் விவரத்தைக் கொடுத்தால்தான் அதன் பெயரில் பாஸ் என்று வைத்தால், பழைய லாட்ஜும் காட்டேஜும் தாமாகவே கட்டில் தேடும். கட்ட இடமில்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம்.

நேரக் கட்டுப்பாடுகளையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத் திறக்கிறது. விலங்குகளுக்கு அது தேவை. மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூரிலிருந்து தாமதமாகக் கிளம்பிய பார்ட்டி, ‘ஒன்பதுக்குள்ள செக்போஸ்ட் தாண்டிடுங்க’ என்று சொல்லும்போது அந்த அவசரம் முழுக்க ஓட்டுநர் தலையில் இறங்குகிறது. காட்டைத் தாண்டிய பிறகு மலையேற்றம் காத்திருக்கிறது. குண்டலுப்பேட்டையில் இரவு தங்கிக் காலையில் போகலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அடுத்த ட்ரிப் பறிபோகாது என்ற உறுதியும் வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு யார் தலையில் என்று டிராவல்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. சின்ன முதலாளிகளின் லாபம் டீசலுக்கும் டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் போய் மிஞ்சுவது கொஞ்சம்தான். செலவு பயணியிடமிருந்துதான் வர வேண்டும். மூன்று நாள் ஊட்டி ட்ரிப்பில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கிற குடும்பத்துக்கு, ஓட்டுநரின் இரண்டு இரவுக் கட்டில் பெரிய தொகையாக இராது. அதைப் பேட்டாவோடு கலக்காமல் வாடகைச் சீட்டில் ஹில்ஸ் சார்ஜுக்குப் பக்கத்திலேயே தனி வரியாக எழுத வேண்டும். பேட்டாவோடு கலந்தால் ஓட்டுநர் அந்தக் காசை வீட்டுக்கு மிச்சம் பிடிப்பார், மறுபடி காரிலேயே படுப்பார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய யாரும் அதைத்தான் செய்வார்கள்.