ஆளில்லாத் தீவும் அளவுக்கு மீறிய பூட்டுகளும்

1993 செப்டம்பரில் ஆப்பிள் மக்கின்டாஷ் கணினிகளுக்காக வெளிவந்த ‘மிஸ்ட்’ விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. கணினி விளையாட்டைக் கலை என்ற இடத்துக்குக் கொண்டுவந்ததே மிஸ்ட்தான் என்பார்கள் ஒரு சாரார். அழகான படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் வேலைக்கு விளையாட்டு என்று பெயரா என்று கேட்பார்கள் மறு சாரார். என் கணக்கு வேறு. ஆட்டம் நடக்கும் ஆளில்லாத் தீவை உண்டாக்கிய விதத்தில் மிஸ்ட்டுக்கு அன்று இணையில்லை. ஆனால் அந்தத் தீவில் மாட்டிய புதிர்ப் பூட்டுகளில் பாதி, அங்கே தொங்க வேண்டிய அவசியமே இல்லாதவை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரை ஒட்டி இயங்கிய சயான் என்ற சின்ன நிறுவனம் இதைச் செய்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி நடத்திய நிறுவனம். அதற்கு முன் ‘தி மேன்ஹோல்’ போன்ற குழந்தைகள் விளையாட்டுகளைத்தான் செய்திருந்தார்கள். கையில் இருந்த கருவி ஹைப்பர்கார்டு. ஓர் அட்டையைக் கிளிக் செய்தால் இன்னோர் அட்டைக்குப் போகலாம், அவ்வளவுதான் அதன் அடிப்படை. சிடி-ராம் டிரைவ்கள் அப்போது நத்தை வேகத்தில் ஓடின. நடக்க நடக்கக் காட்சி விரியும் முப்பரிமாண உலகை அன்றைய வீட்டுக் கணினியால் இந்த நுணுக்கத்தோடு வரைய முடியாது. ஆகவே சுமார் 2,500 படங்களைக் கணினியிலேயே முன்கூட்டி உருவாக்கி, அட்டைகளாக அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவவிட்டார்கள்.

இந்தப் பற்றாக்குறையைக் கதைக்குள் கரைத்ததில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அசையும் வீடியோவைத் திரையின் ஒரு மூலையில் சிறிதாகத்தான் ஓட்ட முடியும் என்ற நிலை. சரி, புத்தகத்துக்குள் சிறைப்பட்ட மனிதர்கள் என்று கதையை வைத்துவிட்டால், அவர்கள் முகம் புத்தகப் பக்கத்தின் சின்னச் சதுரத்துக்குள் தெரிவது இயல்பாகிவிடுகிறது. நடிகர்களும் வெளியிலிருந்து வரவில்லை. தந்தை ஆட்ரஸாகவும் மகன் அக்கனாராகவும் ராண்ட் நடித்தார், இன்னொரு மகன் சிரஸாக ராபின். கொதிகலனில் தீ எரியும் ஓசைக்கு நிஜத் தீயைப் பதிவு செய்து பார்த்தார்கள், அது தீ மாதிரியே கேட்கவில்லையாம். கடைசியில் சரளைக் கற்கள் மீது காரை மெல்ல ஓட்டி அந்த ஓசையைப் பிடித்தார்கள். இசையே வேண்டாம் என்பதுதான் முதல் திட்டம். சோதித்துப் பார்த்த பிறகு மனம் மாறி, ராபினே இசையமைத்தார்.

ஆட்டத்தின் விதிகளும் அன்றைய வழக்கத்துக்கு நேர் எதிரானவை. சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ வகை விளையாட்டுகளில் ஒரு படி தவறினால் சாவு. மிஸ்ட்டில் சாவு இல்லை, எதிரி இல்லை, கடிகாரம் விரட்டுவதில்லை, பையில் கயிறும் கத்தியும் சேர்ப்பதில்லை. நீங்கள் சேர்ப்பது அறிவு ஒன்றைத்தான். ஆட்டத்தை நல்லபடியாக முடிக்கத் தேவையானவை எல்லாம் முதல் தீவிலேயே இருக்கின்றன. விடை தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். தெரியாதவர் ‘யுகம்’ எனப்படும் நான்கு வேறு உலகங்களைச் சுற்றி வர வேண்டும்.

அந்த நான்கில் சேனல்வுட் யுகம்தான் என் பார்வையில் மிகச் சிறந்தது. தண்ணீருக்கு மேல் மரப்பலகைப் பாதைகள், மேலே மரங்களில் குடிசைகள். காற்றாலை இறைக்கும் நீர், பாதையோரக் குழாய்களில் ஓடுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வால்வு. எந்த லிப்ட் இயங்க வேண்டுமோ அந்தப் பக்கம் நீரைத் திருப்ப வேண்டும். குழாயில் நீர் ஓடும் சத்தம் கேட்டால் சரியான வழி, கேட்கவில்லையென்றால் திரும்பிப் போய் வால்வை மாற்று. வயலுக்கு மடை திருப்பியவருக்கு இது புதிரே அல்ல. அந்த ஊர் ஓடும் விதமே அங்கே புதிராகிறது.

செலனிட்டிக் யுகத்தில் இது தலைகீழ். அங்கே போவதற்கே ராக்கெட்டுக்குள் இருக்கும் விசைப்பலகையில் ஐந்து சுரங்களைக் கேட்டு, காதால் மட்டும் ஒப்பிட்டு நெம்புகோல்களை நிறுத்த வேண்டும். சுரபேதம் பிடிபடாதவர் கதி அதோகதி. உள்ளே ஒரு சுரங்க ரயில் புதிர்ப்பாதை. எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி, நகர்வதோ அங்குலம் அங்குலமாக. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்கும் ஓசைதான் திசைகாட்டி. எந்த ஓசை எந்தத் திசை என்ற பாடம் எங்கே இருக்கிறது? மெக்கானிகல் யுகத்தில், சுழலும் கோட்டைக்குள். எந்த யுகத்துக்கு முதலில் போவது என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு, ஒன்றின் சாவியை இன்னொன்றில் வைப்பதைச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு குறையை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. மகன்கள் சிறைப்பட்ட புத்தகங்களில் சேர்க்க வேண்டிய பக்கங்கள், சிவப்பு, நீலம் என்று யுகத்துக்கு இரண்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தூக்கி வரலாம். இரண்டு மகன்களின் பேச்சையும் முழுதாகக் கேட்க விரும்புகிறவர் ஒவ்வொரு யுகத்துக்கும் மறுபடி போயாக வேண்டும். இரண்டாம் முறை அங்கே புதிதாக ஒன்றுமில்லை, நடைதான்.

இத்தனைக்கும் மேல், 60 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. 2002இல் ‘தி சிம்ஸ்’ முந்தும் வரை, அதிகம் விற்ற பிசி விளையாட்டு இதுதான். இதற்காகவே சிடி-ராம் டிரைவ் வாங்கியவர்கள் உண்டு. பின்னால் வந்த போலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆளில்லாத மாளிகை, விளக்கமில்லாத நெம்புகோல், மர்ம இசை என்று பூட்டுகளை மட்டும் நகலெடுத்தார்கள். இடத்தை நகலெடுப்பது அவ்வளவு சுலபமல்லவே.

சரியான திருத்தம் சயானிடமிருந்தே வந்தது, 1997இல் ஐந்து சிடிக்களில் வெளியான ‘ரிவென்’ மூலம். அதில் ஒரு பள்ளிக்கூடம். குழந்தைகள் எண் கற்க ஒரு பொம்மை: இயக்கினால் ஓர் எண்குறி தோன்றும், கயிற்றில் தொங்கும் மனித உருவம் அத்தனை படி இறங்கும், கீழே வாய் பிளந்த கடல் விலங்கு. ஆடுகிறவர் எண்களைக் கற்றுக்கொள்கிறார். தன்னைக் கடவுளாக்கிக்கொண்ட கென் என்ற ஆட்சியாளன், பச்சைப் பிள்ளைகளுக்குக்கூட எதைக் காட்டிப் பாடம் நடத்துகிறான் என்பதும் அதே பொம்மையில் தெரிந்துவிடுகிறது. கதையையும் புதிரையும் இங்கே பிரிக்கவே முடியாது. ஜோனதன் ப்ளோவின் ‘தி விட்னஸ்’ (2016) வரை நீளும் நல்ல வழி இதுதான். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்புக்கு முதலில் தேர்ந்த 14 விளையாட்டுகளில் மிஸ்ட் இடம்பெற்றது. அந்த இடத்துக்கு ரிவெனுக்கே தகுதி கூடுதல் என்பேன்.

இன்று முதன்முறையாக மிஸ்ட் ஆடப் போகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிகல் யுகத்தை முதலில் முடியுங்கள். அந்தச் சுரங்க ரயிலில் மாட்டிக்கொண்டால், கூசாமல் விடையைத் தேடிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.