ஒரே கேபிளில் குரலும் கரண்டும்: குற்றாலத்துக்கு நெட்வொர்க் இண்டர்காம் தாங்குமா?

குற்றாலத்தில் அருவி பெருக, அருவிக்கரையில் மழை பெய்யவேண்டியதில்லை. மேலே மலையில் பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தபோது சாரல் சீசன் தொடங்கக்கூட இல்லை. இத்தகைய இடத்தில் தகவல் இரு பக்கமும் ஓடவேண்டும்: கட்டுப்பாட்டு அறை சொல்வது கரைக்குக் கேட்கவேண்டும், கரையில் ஆபத்தைப் பார்த்தவர் சொல்வது அறைக்குக் கேட்கவேண்டும். பொத்தான், மைக், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே உலோகப் பெட்டியில் அடக்கி, எஸ்ஐபி முறையில் இணையத் தொலைபேசிபோல் பேசும் நெட்வொர்க் இண்டர்காம் ஸ்டேஷன்கள் இதற்கென்றே வருகின்றன. 2என் நிறுவனத்தின் ஐபி ஃபோர்ஸ், ஸெனிடெல்லின் டர்பைன் ஆகியவை இவ்வகை. எந்தப் பெட்டியை வாங்குவது என்பதைவிட, அதற்கு எப்படி இணைப்பும் மின்சாரமும் கொடுக்கிறோம் என்பதே குற்றாலத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

இவ்வகையின் பெரிய பலம் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்). குரல் போகும் அதே ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. ஆர்ஜே-45 பிளக்கைச் செருகினால் ஸ்டேஷன் உயிர்பெறும். ஆயிரக்கணக்கானோர் நனைந்த உடம்போடு நடமாடும் இடத்தில் 230 வோல்ட் பிளக் பாயிண்ட் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை. பிஓஇ-யில் ஓடுவது அதிகபட்சம் 57 வோல்ட் நேர்மின்சாரம்தான். அதுவும் மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் முதலில் சிறு மின்னழுத்தம் அனுப்பி, எதிர்முனையில் பிஓஇ கருவி இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே முழு மின்சாரத்தைத் திறக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாஸிவ் இன்ஜெக்டர்களில் இந்தப் பரிசோதனை கிடையாது. எதைச் செருகினாலும் மின்சாரம் பாயும். அதை வாங்கவே கூடாது. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரமே ஒரு ஸ்டேஷனுக்கு ஓரளவு போதும்: ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும், 100 மீட்டர் கேபிளின் முனையிலும் 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். ஸ்பீக்கர் பெரிதாக இருந்தாலோ குளிர்காலத்துக்கான ஹீட்டர் போன்ற துணைக் கருவிகள் இருந்தாலோ 30 வாட் கொடுக்கும் 802.3ஏடி ஸ்விட்ச் தேவைப்படும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கேபிளில்தான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவு. ஆனால் அதன் மின்தடை சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மேஜைமேல் சோதிக்கும்போது வேலை செய்யும் ஸ்டேஷன், 90 மீட்டர் தள்ளி, சத்தத்தைக் கூட்டியதும் அணைந்து மறுபடி எழுந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். 100 மீட்டருக்கு மேல் ஈதர்நெட் கேபிளை நம்பவும் முடியாது. தென்காசியிலிருந்து குற்றாலமே சுமார் 5 கிலோமீட்டர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றும் தனித்தனித் திசையில் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு அருவிக்கும் ஒரு ஸ்விட்ச், அவற்றுக்கு நடுவே ஃபைபர் என்பதே சரியான அமைப்பு. ஃபைபர் இழைக்கு இன்னொரு நன்மை: மலையில் விழும் இடி செம்புக் கம்பியில் ஏற்றும் மின்னெழுச்சி கண்ணாடி இழையில் ஏறாது. ஸ்விட்சிலிருந்து ஸ்டேஷன்வரை செம்பு ஓடும் கடைசித் துண்டுக்கு சர்ஜ் புரொடெக்டரும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். குரங்குகள் கேபிளைக் கடிக்காமல் இருக்க ஜிஐ குழாய்க்குள் இழுக்கவேண்டும். கேபிள் பெட்டிக்குள் கீழிருந்து நுழையவேண்டும். மேலிருந்து நுழைத்தால் நீர் புகாமைக்கான ஐபி66 முத்திரை இருந்தும் சாரல் கேபிள் வழியே உள்ளே இறங்கக்கூடும்.

மின்வெட்டைச் சமாளிப்பதும் பிஓஇ-யில் எளிது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பேட்டரி தேவையில்லை. ஸ்விட்சுக்குக் கொடுத்தால் போதும். 802.3ஏஎஃப் தரத்தில் நான்கு ஸ்டேஷன் முழு அளவு இழுத்தாலும் 62 வாட். ஸ்விட்சுக்கு 15 வாட் சேர்த்தால் 77. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பெயரளவில் 1800 வாட்-ஹவர். பாதியை இழப்புக்கும் தேய்மானத்துக்கும் கழித்தாலும் 11 மணி நேரம் தாங்கும். புயல் இரவில் மின்வாரியம் லைனை நிறுத்தினாலும் விடியும்வரை குரல் நிற்காது.

கோயில் திருவிழா ரேடியோ செட்காரர் அரை நாளில் கட்டிவிடும் கோன் ஸ்பீக்கர் போதாதா என்று கேட்கலாம். விலையிலும் சத்தத்திலும் அது ஜெயிக்கும். உள்ளூர் மெக்கானிக்கே பழுதுபார்ப்பார். ஆனால் அது ஒருவழி. கம்பி அறுந்துபோனால், ஆபத்து வந்து மைக்கை எடுக்கும் நாளில்தான் தெரியும். நெட்வொர்க் ஸ்டேஷன் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரிடம் தன்னைப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். பதிவு நின்றால் அறையில் தெரிந்துவிடும். ஹேங் ஆனால் ஸ்விட்ச் போர்ட்டை அறையிலிருந்தே அணைத்துப் போடலாம். கையில் செல்போன் இருக்கிறதே என்ற கேள்விக்கும் பதில் உண்டு: குளிக்கப்போகிறவர் போனைக் கரையில் விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறார், எந்த எண்ணை அழைப்பது என்பதும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஒரே ஒரு சிவப்புப் பொத்தானுக்கு எண் வேண்டாம்.

சத்தம் விஷயத்தில் மட்டும் இதைப் புகழமுடியாது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் கேட்பது 16 மீட்டரில் 24 டெசிபல் குறைந்துதான் கேட்கும். அருவியின் இரைச்சல் பேச்சொலியின் எல்லா அதிர்வெண்களையும் மூடிவிடும். 10 வாட் ஸ்பீக்கரை அருவிக்கு நேரே மாட்டி, கூட்டம் முழுக்கக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது வீண். பாலத்து முனை, உடைமாற்றும் அறை, நுழைவுப் பாதை ஆகியவையே ஸ்டேஷனுக்கு ஏற்ற இடங்கள். கூட்டத்துக்கான எச்சரிக்கைக்கு, ஸ்டேஷனின் ரிலே வழியாகத் தனி சைரனையும் கோன் ஆம்ப்ளிஃபையரையும் இயக்கவேண்டும். ரேடியோ செட்டை ஒதுக்காமல், இண்டர்காமுக்குக் கீழே சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தீர்ப்பு: குற்றாலத்துக்கு இவ்வகை ஸ்டேஷன் தாராளமாக வாங்கத்தக்கது. ஆனால் டெண்டரில் ஸ்டேஷனின் விலையை மட்டும் எழுதுவோர் வாங்காமலிருப்பதே மேல். தரமான பிஓஇ ஸ்விட்ச், சுத்தச் செம்புக் கேபிள், ஃபைபர், சர்ஜ் புரொடெக்டர், பேட்டரி எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் வரவேண்டும். பொருத்தியவருக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அதன் பிறகும் இதே சோதனையைத் தொடருங்கள்: சீசனுக்கு முன்பு மட்டும் அல்ல, மாதம் ஒருமுறை.