பிராங்கென்ஸ்டைனும் சாயாவனமும்

மேரி ஷெல்லியின் ‘பிராங்கென்ஸ்டைன்’ 1818 ஜனவரி முதல் நாள் லண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய புகையும் துகளும் உலகெங்கும் பரவியதால், அந்தக் கோடை மழையும் குளிருமாகவே கழிந்தது. வீட்டுக்குள் அடைபட்ட அவரும் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முனைந்ததில் பிறந்த கோதிக் நாவல் இது.

பாழடைந்த கோட்டையும் சாபமும் கோதிக் கதைகளின் வழக்கமான சரக்கு. ஷெல்லி கோட்டை இருந்த இடத்தில் ஆய்வுக்கூடத்தை வைத்தார். செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதைக் கால்வானி முன்பே காட்டியிருந்தார். அவருடைய மருமகன் அல்தினி 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலிலேயே அதைச் செய்துகாட்டினார். உயிரைப் படைக்கத் துடிக்கும் நாவலின் நாயகன் விக்டரின் பேராசை அவனுடையது மட்டுமல்ல, அவன் காலத்தினுடையது. அதே விக்டர், கற்பனாவாதக் கவிஞர்களைப் போலவே, துயரம் மிகும்போது மலையைத் தேடிப் போகிறான். ஆல்ப்ஸ் பனிவெளி அவன் மனத்தை ஆற்றுகிறது. அங்கேதான் அவன் படைத்த உயிர் எதிரே வந்து கணக்குக் கேட்கிறது. நாவலின் உச்சம் இதுவே. உயிரைப் படைத்ததைவிட, படைத்ததற்குப் பெயர்கூட வைக்காமல் ஓடிப்போனதே விக்டரின் பெருங்குற்றம்.

நாவல் வெளியான மறு ஆண்டு கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். மலையழகில் மயங்கிய கண்ணும் மலையைத் திருத்தத் துடித்த கையும், விக்டரைப் போலவே, அவரிடமும் சேர்ந்தே இருந்தன. ஊட்டியில் ஏரி அமைத்தார். ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். 1843இல் விறகுத் தேவைக்காகக் கற்பூரமரம் எனப்படும் யூகலிப்டஸ் வந்தது. அதுவும் சீகைமரமும் பின்னர் புல்வெளிகளை மூடின. மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடும் சோலையும் புல்வெளியுமே பவானி ஆற்றின் ஊற்றுக்கண். மரத்தைக் கூழாக்கி இழை செய்த சிறுமுகை ஆலையின் கழிவும் பிற்காலத்தில் அந்த ஆற்றிலேயே கலந்தது.

பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும் அந்த நீரின் கடைக்கோடியில், பூம்புகார்ப் பக்கம் இருக்கிறது சாயாவனம். சா. கந்தசாமி அந்தப் பெயரிலேயே எழுதிய நாவல் 1969இல் வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிதம்பரம் கரும்பாலை அமைக்க வனத்தை வாங்குகிறான். வெட்டி மாளாத மூங்கிலைத் தீவைத்து அழிக்கிறான். பேயோ ஆய்வுக்கூடமோ இல்லாத இந்த நாவலில், வனம் எரியும் பக்கங்கள் கோதிக் கதையின் அச்சத்தைத் தருகின்றன. சிதம்பரம் ஓடிப்போகிறவன் அல்லன். உழைப்பாளி, ஊரிலேயே நின்று ஆலையை நடத்துகிறவன். அப்படி நிற்பவனாலும் அழிந்ததைத் திருப்பித் தர முடியாது என்று காட்டுவதில் கந்தசாமி ஷெல்லியைவிட ஒரு படி மேலே போகிறார்.

விக்டருக்கு மலை தனிமனிதனின் புகலிடம். திணை மரபிலோ மரமும் உணவும் தொழிலும் பறையும் நிலத்தின் கருப்பொருள். மனிதரைப் பிரித்து நிலத்தைப் பார்க்கும் வழக்கமே அங்கில்லை. சாயாவனத்தின் இழப்பு அடுப்படியில் தெரிவது அதனால்தான். ஊருக்குப் புளி தந்த மரங்கள் சாம்பலாகிவிட்டன. நல்ல புளிக்கு இனி வழியில்லை என்ற ஒரு மூதாட்டியின் குறைக்கு, நாவலின் இறுதியில், சிதம்பரத்திடம் பதில் இல்லை.